தூளில் புதைத்த போன்

"ஈரமான போனை அரிசிக்குள்ள போட்டா சரியாகுமா அண்ணே?"

கடையை மூடி ஆறு வருடமாகிறது. இந்தக் கேள்வி மட்டும் என்னை விடுவதாயில்லை. கோயிலில் கேட்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்கிறார்கள். போன கிழமை பல் பிடுங்கப் போன இடத்தில், வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு வைத்தியரே கேட்டார். என்னால் வாய் திறக்க முடியவில்லை, அவர் தப்பித்தார்.

சரியாகாது. அரிசி சோறாக்குவதற்கு. பெட்டரியைக் கழற்றிவிட்டு, போனை ஓன் செய்து பார்க்காமல், கையோடு கடைக்குக் கொண்டு வாருங்கள் என்று இருபது வருடம் தொண்டை கிழியச் சொன்னேன். ஒருவர் கேட்டாரா? ஓன் செய்து பார்த்து, எரியவில்லை என்றால் தட்டிப் பார்த்து, அதற்கும் அசையவில்லை என்றால் அண்ணன், தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் ஆளுக்கொரு தரம் ஓன் செய்து பார்த்து, கடைசியில்தான் என்னிடம் வருவார்கள்.

இப்போது ஹட்டனில் போன் கடை வைத்திருக்கும் பிள்ளைகள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். "ஒங்க அனுபவத்த எழுதிக் குடுங்கண்ணே. ரொம்பக் கஷ்டமான ரிப்பேர் எதுன்னு எழுதுங்க" என்று இரண்டு மாதமாக நச்சரிக்கிறார்கள். செத்த போர்டை எப்படி எழுப்பினேன், கடுகளவு சில்லை எப்படி மாற்றினேன் என்று வீரக்கதை எதிர்பார்க்கிறார்கள் போலிருக்கிறது. எனக்குக் கஷ்டமாயிருந்த ரிப்பேர் வெறும் தண்ணீர் பட்ட கேஸ். ஒன்றரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டேன்.

நான் தொழில் படித்தது சிவபாதம் மாஸ்டரிடம். யாழ்ப்பாணத்துக்காரர். தொழில்நுட்பம் படிப்பிக்க ஆசிரியராக மலைநாட்டுக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகு ஊருக்குப் போக வழியில்லாத நிலைமையில், ஹட்டனில் பஸ் நிலையத்துக்கு மேலே ஒரு ரேடியோ திருத்தும் கடை போட்டவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவரிடம் போய்ச் சேர்ந்தேன். மூன்று வருடம் படித்தேன் என்று சொல்லிக்கொள்வேன். அதில் முதல் வருடம் முழுக்க ஆணி கழற்றினேன், அவ்வளவுதான்.

மாஸ்டரின் மேசையில் ஒரு வெள்ளைத் துணி விரித்திருக்கும். வாக்மேனோ ரேடியோவோ, திறப்பதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் அதன் முதுகை வரைய வேண்டும். கழற்றும் ஒவ்வொரு ஆணியையும் படத்தில் அது இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும். ஒரு ஆணி இடம் மாறிவிட்டால் கத்தமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "உம்மட சட்டைப் பொத்தானை மாறிப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போவீரோ?" என்று கேட்பார். அதற்குக் கத்தியிருந்தாலே நன்றாயிருந்திருக்கும்.

வாடிக்கையாளர்களிடம் அவர் பேசுவது மொத்தம் இரண்டு சொல். "வையும்." "வாரும்." என்ன பழுது, எப்படி வந்தது என்று கேட்கவே மாட்டார். அவர்கள் சொல்ல வாயெடுத்தாலும் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். ஒருநாள் நான் ஒரு அம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, அந்த அம்மா போன பிறகு சொன்னார்: "சனம் சொல்லுறதைக் கேட்டால் பிழைதான் வரும். சாமானைத் திறந்து பாரும். அது பொய் சொல்லாது."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. எங்கள் சனம் சொல்லும் கதைகள் அப்படி. வாக்மேன் காலத்தில் ஒரு கண்டாக்கு அய்யா, தோட்டத்தில் வெளிவேலை பார்க்கும் உத்தியோகத்தர், "பாட்டு இழுக்குதுப்பா, தானா இழுக்குது" என்று கொண்டுவந்தார். திறந்தால் உள்ளே பெல்ட் உருகி, மோட்டாரைச் சுற்றித் தார் மாதிரி ஒட்டியிருந்தது. குளிருக்கு வாக்மேன் சுகமில்லாமல் போய்விடும் என்று அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். செத்த பெட்டரியை அடுப்பு மேல் சூடுகாட்டி, அது வெடித்து ரேடியோவுக்குள் வழிந்து வந்த கேஸ் மாதத்துக்குப் பத்து. கேட்டால் "பெட்டரி போட்டதே இல்லீங்க" என்பார்கள். மலையடிவாரத்து நல்லதண்ணியில் யாத்திரைப் பருவகாலத்துக்குக் கடை போடுகிறவர் ஒருவர், பனி படாமலிருக்கக் கசட் ரேடியோவைப் பொலித்தீனால் சுற்றி இறுக்கிக் கட்டி, இரவு பகலாகப் பாட வைத்திருக்கிறார். அது உள்ளுக்குள்ளேயே வியர்த்துச் செத்தது. அவர் என்னிடம் கோபப்பட்டார்.

இப்படியாக மாஸ்டரின் வழி எனக்கும் பிடித்துப்போனது. கேட்காதே, திற.

பிறகு போன் வந்தது. மாஸ்டருக்கு அப்போது எழுபதுக்கு மேல். அந்தக் கண்ணோடு அந்தச் சின்ன ஆணிகளையும் அவர்தான் முதலில் கழற்றினார். போனுக்கும் சட்டம் எழுதினார். அதில் முக்கியமானது: "ஆற்றையும் சிம்மைப் போட்டுச் சோதிக்காதையும். எங்கட சிம்மைப் போடும்." பழுதான போனில் மின்சாரம் தாறுமாறாக ஓடி கொண்டுவந்தவரின் சிம் கருகினால் பழி நமக்கு. அதனால் கடைக்கென்று ஒரு சிம். திருத்தி முடித்ததும் அதைப் போட்டு, கடை டெலிபோனுக்கு அடித்துப் பார்த்து, மணி அடித்தால் வேலை முடிந்தது. பிறகு மாஸ்டர் பிள்ளைகளோடு இருக்க வெளிநாடு போனார். கடை எனக்கு வந்தது, சட்டங்களோடு.

போன் வந்ததோடு எங்கள் ஆட்களுக்கு ஒரு புது வைத்தியமும் பிறந்தது. வேறு எந்த ஊரிலும் இதை நான் கேள்விப்பட்டதில்லை. மழையில் நனைந்த போனைத் தேயிலைத்தூளில் புதைத்து வைப்பது!

யோசித்துப் பார்த்தால் அது முட்டாள்தனத்தில் பிறந்ததல்ல. தொழில் தெரிந்தவர்களின் யோசனைதான். தேயிலைப் பெக்டரியில் வேலை செய்த எவருக்கும் தூள் ஈரத்தை இழுக்கும் என்று தெரியும். மூட்டையைத் திறந்து வைத்தால் அதட்டு விழும். மாதாமாதம் தோட்டத்தில் கொடுக்கிற தூள் எல்லா வீட்டிலும் டப்பாவில் இருக்கிறது. ஈரத்தை இழுக்கிற சாமான் கைவசம் இருக்கும்போது போனை அதற்குள் புதைத்தால் என்ன? புதைத்தார்கள். தூள் மாவு மாதிரி. பட்டனுக்கு இடையில், பேசும் ஓட்டையில், சார்ஜ் குத்தும் துவாரத்தில் எல்லாம் போய் இறங்கும். உள்ளேதான் தண்ணீர் இருக்கிறதே. திறந்தால் போர்டு முழுக்கச் சாயம். பால் விடாத பிளேன்டி ஊற்றிக் கழுவிய மாதிரி இருக்கும். மணமும் அப்படியே. நான் கவுண்டரில் நின்று ஆடாத ஆட்டமில்லை. "தூள்ல போட்டா போன்ல இருக்கிற எல்லாம் அழிஞ்சு போயிரும்" என்று பயமுறுத்துவேன். அப்படி ஒன்றும் அழியாது. பயந்தாலாவது திருந்துவார்கள் என்று சும்மா சொன்னேன். அதற்கும் யாரும் திருந்தவில்லை.

மாரிமுத்து அண்ணன் வந்தது யுத்தத்தின் கடைசிக் காலத்தில். டயகம பக்கத்துத் தோட்டம். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், ஐம்பது வயதிருக்கும். கூட அவர் மனைவி லெச்சுமி அக்கா. முதல் பஸ்ஸில் வந்து, நான் கடை திறக்குமுன் வாசலில் நின்றார்கள். திறந்து சாம்பிராணி காட்டுவதற்குள் இன்னும் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். அதில் ஒருவர் எனக்குப் பழக்கமில்லாத ஆள். மடிப்புக் கலையாத காற்சட்டை, ஒட்ட வெட்டிய தலை. ஹெட்போன் திருத்த வந்திருந்தார்.

"தண்ணி பட்டிருச்சு தம்பி. கொஞ்சம் வெரசாப் பாத்துக் குடுத்தா நல்லது" என்றார் மாரிமுத்து அண்ணன்.

"எல்லாருக்கும் வெரசாத்தான் வேணும். தூள்ல போட்டீங்களா?"

அவர் தலையைக் குனிந்தார். அக்கா குறுக்கே வந்தார். "படிச்சுப் படிச்சுச் சொன்னேன் தம்பி, தூள்ல போடாதீங்க, அடுப்பு மேல வச்சுக் காய வைங்கன்னு. இந்த மனுசன் கேட்டாத்தானே?"

அடுப்பாம்! நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அவர்கள் சொன்னது அவ்வளவுதான். சொல்லாததை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய மகன் கணேசன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். இரண்டு நாளுக்கு முன் சுற்றிவளைப்பில் அவனைப் பிடித்துப் போயிருந்தார்கள். எந்தப் பொலிஸ் நிலையம் என்று தெரியாது. கடைக்கு வருவதற்கு முதல் நாள் பின்னேரம், கோயிலுக்கு மேலே உள்ள பாறையில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் அந்தத் தோட்டத்தில், மாரிமுத்து அண்ணன் மழையில் அந்தப் பாறையிலேயே நின்றிருக்கிறார். அழைப்பு வந்திருக்கிறது. இரக்கப்பட்ட ஒரு பொலிஸ்காரர் தன் போனைக் கணேசனிடம் கொடுத்திருக்கிறார். "அப்பா, பொறப்புப் பத்திரமும் தொரைகிட்ட ஒரு கடுதாசியும் எடுங்க. நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள இந்த நம்பருக்கு அடிங்க, எங்க வரணும்னு இவரு சொல்வாரு. பிந்தினா வேற எடத்துக்கு மாத்திருவாங்க" என்றிருக்கிறான். அதோடு சிக்னல் போய்விட்டது. அவசரமாக இறங்கும்போது கால் வழுக்கி, போன் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்திருக்கிறது.

போனுக்கு வந்த அழைப்புகளின் பட்டியலில் அந்த நம்பர் இருந்தது. வேறு எங்கும் இல்லை. அக்காவின் மடியில் பிறப்புப் பத்திரமும், தோட்டத்துரையிடம் இரவோடிரவாக வாங்கிய கடிதமும் இருந்தன. இதை எல்லாம் கவுண்டரில், அத்தனை பேருக்கு முன்னால், சிவில் உடுப்புப் பொலிஸ் மாதிரி இருந்த அந்த ஒட்ட வெட்டிய தலைக்காரருக்கு முன்னால் எப்படிச் சொல்வார்கள்? மகனைப் பிடித்துவிட்டார்கள் என்று சொன்னால், அப்பனும் ஏதாவது செய்தவன்தான் என்று பார்க்கிற காலம். அவர்கள் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. மாஸ்டரின் சட்டம்.

வரிசையில் முதலில் நின்றதால் அவர்கள் போனையே முதலில் எடுத்தேன். பெட்டரியைக் கழற்றினேன். சிம்மை எடுத்துத் துடைத்து ஒரு தாளில் மடித்து வைத்தேன். ஆறு ஆணி, படம் வரைந்து வைத்தேன். போர்டை வெளியே எடுத்துத் தூரிகையால் தூளைத் தட்டினேன். தின்னரில் பல்துலக்கும் பிரஷ்ஷை நனைத்து, சில்லுகளின் கால்களுக்கு இடையில் ஒரே திசையில் தேய்த்தேன். முன்னும் பின்னும் தேய்த்தால் அழுக்கு உள்ளே போய் உட்காரும். பிறகு மாஸ்டர் காலத்துப் பிஸ்கட் டின், உள்ளே ஒரு பல்ப். அதற்குள் வைத்து மூடினேன். காய்கிற வரைக்கும் அந்த ஹெட்போனைப் பார்த்துக் கொடுத்தேன். ஆள் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவர் யாரென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வெறும் பள்ளிக்கூட வாத்தியாராகவும் இருக்கலாம்.

அக்கா சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பஸ் நெறைய இருக்கு அக்கா, பயப்படாதீங்க" என்றேன். எனக்கு எரிச்சல். மேசைக்கு மேலே ஒருவர் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றால் கை ஓடுமா?

பதினொரு மணிக்குப் போர்டு காய்ந்தது. ஆணிகளை முறுக்கிப் போனைப் பூட்டினேன். கடை சிம்மைப் போட்டேன். திரை எரிந்தது. கடை டெலிபோனுக்கு அடித்தேன், மணி அடித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் மாரிமுத்து அண்ணன் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கடை சிம்மைக் கழற்றி, அவர்கள் சிம்மைப் போட்டுக் கொடுத்தேன்.

கடையில் அப்போது வேறு யாருமில்லை. அக்கா குனிந்து மெதுவாகச் சொன்னார். "நேத்து அந்திக்கு வந்த நம்பர எடுத்துக் குடுங்க தம்பி. எங்களுக்குப் பாக்கத் தெரியாது." பிறகு மாரிமுத்து அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். கணேசன், பொலிஸ்காரர், பன்னிரண்டு மணி.

நான் பட்டியலைத் திறந்தேன். வெறுமையாக இருந்தது.

அந்தக் காலத்துப் போன்களில் வேறு சிம்மைப் போட்டால் அழைப்புப் பட்டியல் தானாக அழிந்துவிடும். தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இத்தனை வருடத்தில் ஒருவரும் அந்தப் பட்டியலைக் கேட்டு வந்ததில்லை, அதனால் நினைத்துப் பார்த்ததில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதலில் அவர்கள் சிம்மையே போட்டிருப்பேன். சொல்லக்கூடாதா? வாயில் என்ன கொழுக்கட்டையா? அந்த நேரத்திலும் எனக்கு முதலில் வந்தது அவர்கள் மேல் கோபம்தான். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

அடுத்து என் வாயில் வந்தது, நான் ஆயிரம் தடவை சொன்ன வசனம்.

"தூள்ல போட்டா இப்பிடித்தான் அக்கா. எல்லாம் அழிஞ்சு போயிரும்."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. பழக்கத்தில் வந்தது. ஆனால் வந்த பிறகு அதைத் திருப்பி எடுக்க எனக்கு நேரம் இருந்தது. லெச்சுமி அக்கா திரும்பித் தன் புருசனைப் பார்த்தார். மாரிமுத்து அண்ணன் தன் கைகளைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன்.

பொலிஸ்காரர் திரும்பக் கோல் எடுப்பாரென்று பின்னேரம் வரை கடையிலேயே உட்காரவைத்தேன். எடுக்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் மூலம் போன் கொம்பனியில் விசாரித்தேன். கோர்ட்டில் கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். அடுத்த நாள் மாரிமுத்து அண்ணன் துரை கடிதத்தோடு கொழும்புக்குப் போய், சிங்களம் பேசத் தெரிந்த ஒரு சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு பொலிஸ் பொலிஸாக ஏறி இறங்கினார். பத்து நாளுக்குப் பிறகு பெயர் கிடைத்தது. அதற்குள் கணேசனை ஒரு தடுப்பு முகாமுக்கு மாற்றியிருந்தார்கள். எட்டு மாதம். பிறகு ஒரு குற்றமும் இல்லை என்று விட்டார்கள். அன்றைக்கே அடித்திருந்தால் விட்டிருப்பார்களா? விட்டிருக்கலாம், விடாமலும் இருந்திருக்கலாம். அதை யாராலும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லித்தான் நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்த எட்டு மாதத்தில் லெச்சுமி அக்கா ஹட்டனுக்கு வரும்போதெல்லாம் கடைக்கும் வருவார். என் மேல் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "நீங்க என்ன தம்பி செய்வீங்க? ஒங்களால முடிஞ்சதச் செஞ்சீங்க. எல்லாம் அந்த மனுசன் செஞ்ச வேல" என்பார். ஒருமுறை, "நான் அவருகிட்டப் பேசுறதில்ல. சோத்த வைப்பேன், அம்புட்டுத்தான்" என்றார். நான் ஏதோ ஒரு போர்டைக் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தேன். அது சுத்தமான போர்டு.

மாஸ்டரின் சட்டத்தை அதோடு முறித்தேன். போன் வாங்கும்போதே, ஆளைத் தனியாக உள்ளே கூப்பிட்டு, "இதுக்குள்ள ஒங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்கத் தொடங்கினேன். சிரிப்பார்கள். "போன்தான் வேணும்" என்பார்கள். ஒருவர் தன் மனைவிக்குத் தெரியாத நம்பர் ஒன்றைப் பற்றி அரை மணித்தியாலம் சொல்லி என் காலை நேரத்தை நாசமாக்கினார். இருந்தாலும் கேட்டேன்.

கணேசன் வீடு வந்து ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு டயகமவுக்குப் பஸ் ஏறினேன். மகன் வந்துவிட்டான், இனி எல்லாம் சரியாகியிருக்கும், சொல்லிவிட்டால் என் மனமும் லேசாகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். மாரிமுத்து அண்ணன் லயத்து வீட்டுக்குப் பின்னால் லீக்ஸ் பாத்தி கொத்திக்கொண்டிருந்தார். சொன்னேன். சிம் மாற்றினால் அழியும் என்பதை, நான் மாற்றியதை, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்ததை.

அவர் கொத்துவதை நிறுத்தவில்லை. ஒரு பாத்தி முடிந்த பிறகு நிமிர்ந்தார்.

"மகன் வந்துட்டான் தம்பி. அவ இன்னும் எங்கிட்டப் பேசல. ஒம்போது மாசமாச்சு. இத எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? நான்தான் செஞ்சேன்னு நானே நம்பிட்டேன். உள்ள இருக்கா. போயி அவகிட்டச் சொல்லுங்க."

போனேன். அக்கா என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, பலகையைத் துடைத்து உட்காரச் சொன்னார். அடுப்பில் தண்ணீர் கொதித்தது. கணேசன் வீட்டில் இல்லை. மூன்று டம்ளர் எடுத்து வைத்தார். அவர் சாயத்தை வடித்து முடிப்பதற்குள் சொல்லி முடித்தேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"அன்னைக்கு நான் திரும்பி அவரப் பாத்தேனே, நீங்க அதப் பாத்தீங்கதானே?"

"பாத்தேன் அக்கா."

ஒரு டம்ளரை எடுத்துத் தட்டில் கவிழ்த்தார். மற்ற இரண்டிலும் டீயை ஊற்றினார். பின்கதவைத் திறந்து, பாத்திப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏங்க, கையக் கழுவிட்டு வாங்க. டீ ஆறுது."

மாரிமுத்து அண்ணன் மண்வெட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். தன்னைத்தான் கூப்பிட்டாரா என்று தெரியாமல், பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.